சாவியைத் திருப்பும் முன்னும் பின்னும்

பெரியப்பா வண்டிக்குப் பக்கத்தில் போனதும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு பார்வை, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்வை, முன்ஃபோர்க்கின் காலடியில் ஒரு பார்வை. அதன் பிறகுதான் சாவி சட்டைப்பையிலிருந்து வெளியே வரும். அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனபோது எனக்குப் பதினெட்டு வயது. சாவி கைக்கு வந்தால் போதும் என்று பரபரத்துக்கொண்டிருந்த எனக்கு, தரையைப் பார்ப்பது எதற்கு என்று புரியவில்லை. "ராத்திரி முழுக்க வண்டி இதே இடத்தில் நின்றிருக்கிறது. உள்ளே ஏதாவது கசிந்திருந்தால் தரையில் தெரிந்துவிடும். கசிவை இங்கே விட்டுவிட்டு நீ பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடக் கூடாது" என்றார்.

புதிதாக ஒரு கறுப்புச் சொட்டு இருந்தால் அது பெரும்பாலும் இன்ஜின் ஆயில். விரலில் தொட்டதும் சில்லென்று உலர்ந்து மூக்கில் ஏறினால் பெட்ரோல். பச்சையாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ இருந்து விரல்களுக்கிடையே வழுவழுத்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். முன்ஃபோர்க்கின் குழாயில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஃபோர்க் சீல் போய்விட்டது என்று பொருள். அது வழிந்து டிஸ்க் பிரேக்கில் இறங்கினால், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிரேக் பிடிக்காது. இவை எல்லாவற்றையும் குனிந்து பார்க்க ஐந்து நொடி போதும்.

மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்வதையும் நிறுத்துவதையும் நாம் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. மனம் ஏற்கெனவே போகிற இடத்துக்குப் போய்விட்டிருக்கும், அல்லது வந்த இடத்தில் இறங்கி நடந்துகொண்டிருக்கும். இந்த இரண்டு நேரங்களிலும் கையும் காலும் ஒரே வரிசையில் இயங்கப் பழகிவிட வேண்டும் என்பதுதான் இத்தனை வருடத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம். நேரம் மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தினமும் ஒரே வரிசையில் செய்கிறவனுக்குத்தான் என்றைக்காவது ஒன்று மாறியிருந்தால் உடனே உறைக்கும். நேற்றுவரை இரண்டு நொடி கேட்ட பம்ப் சத்தம் இன்று கேட்கவில்லை என்பது, நேற்றும் அதற்காகக் காத்திருந்தவனுக்கு மட்டுமே தெரியும்.

தரையைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது டயர். காற்றழுத்தம் பார்க்கச் சரியான நேரம் கிளம்புவதற்கு முன்புதான். ஓடி வந்த டயர் சூடேறி, உள்ளே அழுத்தம் கூடியிருக்கும். வண்டியோடு வரும் கையேட்டில் போட்டிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. தினமும் அளவுக்கருவியை எடுக்க வேண்டியதில்லை, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, ஆணி ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். வாரம் ஒருமுறையாவது கருவி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்கில் பூட்டு போடுகிறவர்கள் ஒரு கயிற்றையோ துணிப்பட்டையையோ பூட்டிலிருந்து ஹேண்டில்பார் வரைக்கும் கட்டிவைப்பது நல்லது. பூட்டை மறந்து நகர்த்தினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பூட்டு ஃபோர்க்கில் இடித்து, வண்டி அப்படியே பக்கவாட்டில் சாயும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் ஒருமுறை பிடித்து விடுங்கள். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகிறதா, கேபிள் இழுபடுகிறதா என்பது கைக்குத் தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும். வராத ஆக்சிலரேட்டரோடு ஒரு அடிகூட நகரக் கூடாது.

இனி சாவி.

கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும், கில் சுவிட்ச் (வலது ஹேண்டிலில் இன்ஜினை அணைக்க இருக்கும் சிவப்புச் சுவிட்ச்) ஓடும் நிலையில் இருந்தால், டேங்கிலிருந்து மெல்லிய உறுமல் இரண்டு மூன்று நொடி கேட்டு அடங்கும். அது பெட்ரோல் பம்ப், குழாயில் அழுத்தத்தை ஏற்றுகிற சத்தம். அதே நேரத்தில் வண்டியின் கணினி தன் சென்சார்களைச் சோதித்துக்கொள்கிறது. அந்த உறுமல் அடங்கும் வரை செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள். சாவியைத் திருப்பிய கை நிற்காமல் பட்டனுக்குப் போவதுதான் நான் அதிகம் பார்க்கும் கெட்ட பழக்கம். நாள்கணக்கில் நின்ற வண்டியாக இருந்தால் சாவியை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போடுங்கள். பம்ப் இன்னொரு முறை ஓடி அழுத்தம் முழுமையாக ஏறும்.

அந்த மூன்று நொடியில் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். ஆயில் விளக்கு இருக்கும் வண்டியில் அது இப்போது எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். இப்போது எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் ஆயிலே இல்லாமல் போனாலும் அது சொல்லாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு மட்டும் வேறு ரகம். அது வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்த பிறகுதான் அணையும், ஏனென்றால் சக்கரம் சுழன்றால்தான் அதன் சென்சார் வேலை செய்கிறதா என்று தெரியும். நின்ற இடத்தில் அது எரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓடும்போதும் எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் இல்லை என்று எண்ணிக்கொண்டு ஓட்டுங்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

பிறகு நியூட்ரல். பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். என் முதல் வண்டியில் கிளட்ச் பிடிக்காமலே செல்ஃப் சுழலும். ஒரு மழைநாள் காலையில் அவசரமாக, வண்டியில் உட்காராமல் பக்கத்தில் நின்றபடியே பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நியூட்ரல் சுவிட்ச்சில் கோளாறு, வண்டி முதல் கியரில் இருந்திருக்கிறது. இன்ஜின் பிடித்துக்கொண்டு வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதியது. மட்கார்டு வளைந்தது, என் மணிக்கட்டு இரண்டு வாரம் வீங்கியிருந்தது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அன்று யாரும் இல்லை. ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

அதற்குப் பிறகு மூன்று விஷயங்களை நான் விட்டதில்லை. வண்டியில் உட்கார்ந்துதான் ஸ்டார்ட் செய்வேன். விளக்கு எரிந்தாலும் வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டிப் பார்ப்பேன். நியூட்ரலில் இருந்தாலும் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே பட்டனை அழுத்துவேன், வலக்கையின் மற்ற விரல்கள் முன்பிரேக்கில் இருக்கும். கிளட்ச் பிடிப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. குளிர்ந்த ஆயிலில் ஊறிக் கிடக்கும் கியர்பாக்ஸையும் சேர்த்துச் சுழற்ற வேண்டிய பளு செல்ஃப் மோட்டாருக்குக் குறையும். பேட்டரி பலவீனமான வண்டியில் இந்த வித்தியாசம் காதிலேயே கேட்கும்.

அமெரிக்காவில் 1973-இல் தொடங்கப்பட்ட மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன், புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்கு ஸ்டார்ட் செய்யும் வரிசையை ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஃபைன்-சி' (FINE-C) என்ற ஒரு சொல்லில் அடக்கிக் கற்றுக்கொடுக்கிறது. முதலில் ஃபியூயல், அதாவது எரிபொருள், அடுத்து இக்னிஷன், பிறகு நியூட்ரல், அதன் பிறகு இன்ஜின் கட்-ஆஃப், அதாவது கில் சுவிட்ச். கடைசி எழுத்து சோக், கிளட்ச் இரண்டுக்கும் பொது. நல்ல வரிசை. பெரியப்பா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் இல்லை. ஆனால் அவர் கை போகிற வழியும் ஏறக்குறைய அதேதான்.

கில் சுவிட்ச் அந்த வரிசையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நிறுத்தியிருந்த இடத்தில் யாராவது விளையாட்டாக அதைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பல வண்டிகளில் செல்ஃப் சுழலவே சுழலாது, சிலவற்றில் சுழலும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. பிளக்கைக் கழற்றி, பேட்டரியைத் திட்டி, அரை மணி நேரம் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் அந்தச் சிவப்புச் சுவிட்ச்சைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். வரிசை பழகியவருக்கு இந்த அலைச்சல் இல்லை.

கணினி இல்லாமல், இன்ஜின் உறிஞ்சும் காற்றிலேயே பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் வண்டிக்கு வேறு மாதிரியான பொறுமை வேண்டும். டேங்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் டேப்பைத் திறக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக் போட வேண்டும். குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, குழாயின் சுவரிலேயே படிந்து ஈரமாக நின்றுவிடும். பிளக் வரை போய்ச் சேர்கிற பெட்ரோல்-காற்றுக் கலவையில் எரிவதற்கு வேண்டிய ஆவி குறைந்துபோகும். சோக் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. சில வண்டிகளில் அது காற்று வரும் வழியைச் சுருக்கும், சிலவற்றில் தனியாக ஒரு வழியில் கூடுதல் பெட்ரோலை உள்ளே விடும். இந்த இரண்டாவது வகையில் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே ஸ்டார்ட் செய்தால் சோக் போட்டதே வீண். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போதுதான் இன்ஜினின் உறிஞ்சும் வேகம் அந்தச் சிறிய வழியில் முழுமையாக விழும். முறுக்கினால் காற்று அகலமான வழியில் ஓடிவிடும், கூடுதல் பெட்ரோல் வராது. ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கும் கார்புரேட்டரில் கதை தலைகீழ். ஒவ்வொரு முறுக்குக்கும் அது பச்சைப் பெட்ரோலைப் பீய்ச்சும், நான்கைந்து முறை முறுக்கினால் பிளக் நனைந்து உட்கார்ந்துவிடும். ஆக, கைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரைத் தொடாதே. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் இது பொருந்தும். எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பதை அதன் கணினி பார்த்துக்கொள்ளும்.

கிக்கரைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. கிக்கர் இல்லாத வண்டிகள் பெருகிவிட்ட பிறகும் அதன் அருமை எனக்குக் குறையவில்லை. 1965-இல் ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய வண்டிக்கு மின்சார ஸ்டார்ட்டர் வைத்தபோது, அதன் பெயரையே எலெக்ட்ரா கிளைடு என்று வைத்தது. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-இல் செல்ஃப் பட்டன் இருந்தது, கூடவே கிக்கரும் இருந்தது. பட்டன் வந்த பிறகும் பல காலம் கிக்கரை எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை.

பெரியப்பாவின் வண்டி பெரிய ஒற்றை சிலிண்டர். அதை உதைப்பதற்கு முன்னால் இக்னிஷனைப் போடாமலே சோக் போட்டு இரண்டு முறை மெதுவாக மிதிப்பார். உள்ளே கலவை போய்ச் சேர்வதற்காக. பிறகு இக்னிஷனைப் போட்டு, கிக்கரில் காலை வைத்து, மெல்ல அழுத்திக்கொண்டே போவார். ஓரிடத்தில் கிக்கர் இறங்காமல் காலை எதிர்த்து நிற்கும். பிஸ்டன் காற்றை இறுக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அங்கே டீகம்ப்ரஷன் லீவரை இழுத்து, அடைபட்ட காற்றை வெளியே விட்டு, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு நூல் தாண்டவைப்பார். லீவரை விட்டுவிடுவார். கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, உடம்பின் எடையை எல்லாம் வலக்காலில் இறக்கி, அடிவரை ஒரே மிதி. காலால் வெட்டி உதைக்க மாட்டார். எழுந்து நின்று கீழே இறங்குவது போலிருக்கும் அது.

இந்த நிதானத்துக்குக் காரணம், பிளக்கில் பொறி விழுவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பு. இன்ஜின் வேகமாகச் சுழலும்போது பிஸ்டன் தன் வேகத்திலேயே உச்சியைத் தாண்டிவிடும். அரைகுறையாக மிதித்தால் அந்த வேகம் இருக்காது. கலவை எரிந்து பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளும், கிக்கர் எதிர்ப்பக்கமாக வந்து காலைத் தாக்கும். கணுக்கால் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அதனால் கிக் வண்டிக்குச் செருப்பு ஆகாது, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும். இன்ஜின் பிடித்ததும் கிக்கரை உள்ளே மடக்கிவிடுங்கள்.

செல்ஃப் பட்டனுக்கு வருகிறேன். ஐந்து நொடிக்கு மேல் அதைத் தொடர்ந்து அழுத்தக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் பத்து நொடியாவது விட்டு மறுபடி முயலுங்கள். அந்தச் சின்ன மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஹெட்லைட் இழுப்பதைப்போலப் பல மடங்கு. விடாமல் அழுத்தினால் மோட்டாரும் சூடேறும், பேட்டரியும் துவண்டுபோகும். பட்டனை அழுத்தியதும் 'டக், டக்' என்று ரிலே மட்டும் தட்டினால் பேட்டரி ஒடுங்கிவிட்டது, அல்லது அதன் முனையில் பச்சைப்பொடி பூத்து இணைப்பு தளர்ந்துவிட்டது. வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. முழுக்க சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். செல்ஃப் சுழலும்போது அது 10-க்கும் கீழே சரிந்தால் அந்தப் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. இப்போது செய்ய வேண்டியது, எதையும் செய்யாமல் இருப்பது.

நின்ற இன்ஜினில் ஆயில் எல்லாம் கீழே இறங்கித் தேங்கியிருக்கும். மேலே கேம் ஷாஃப்டிலும் வால்வு ராக்கரிலும் மெல்லிய படலம் மட்டும்தான் மிச்சம். பம்ப் சுழன்று ஆயில் மேலே போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும், குளிரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். பிடித்ததும் பிடிக்காததுமாக 'விர்ர், விர்ர்' என்று முறுக்குகிறவர்கள் உலோகத்தோடு உலோகத்தை உரசவிடுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு யாரோ பல்லைக் கடிப்பதுபோல் இருக்கும்.

அந்த நொடிகளில் காதைக் கொடுங்கள். இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினின் கலகலப்பு ஓரிரு நொடியில் அடங்கிவிட்டால் கவலையில்லை. நாளுக்கு நாள் அது நீண்டுகொண்டே போனால் செயினோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. சைலன்சர் பக்கம் திரும்பிப் பாருங்கள். குளிர்ந்த காலையில் வெண்மையாக வந்து உடனே கலைந்தால் அது வெறும் நீராவி. நீலச்சாயல் இருந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, பல நேரம் சோக்கை மூடாமல் விட்டிருப்பீர்கள்.

எவ்வளவு நேரம் சூடேற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, அதற்குள் மற்ற வேலைகளை முடித்துவிட்டு வருகிறவர்கள் வண்டியின் மேல் அக்கறையால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அது வண்டிக்கு நல்லதில்லை. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலோடு கலக்கிறது. காற்றால் குளிரும் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் அதற்குக் காற்றும் கிடைக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அரை நிமிடம் போதும். கார்புரேட்டர் வண்டிக்கு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ, சோக் இல்லாமல் சீராக நிற்கும் வரை. பிறகு மெதுவாகக் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டுங்கள். இன்ஜின் மட்டுமல்லாமல் கியர்பாக்ஸ், டயர், ஃபோர்க் ஆயில் எல்லாமே ஓடினால்தான் சூடேறும்.

கதவடைத்த ஷெட்டுக்குள் ஒரு நிமிடம்கூட இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றுகிறதே என்று தோன்றும்போது எழுந்து வெளியே வரக் காலில் தெம்பு இருக்காது. வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதல் கியர் போடும்போது 'டங்' என்று அடிக்கிறதே என்றால், இரவு முழுக்க நின்றதில் ஆயிலில் ஊறிய கிளட்ச் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளட்ச்சைப் பிடித்து மூன்று நான்கு நொடி காத்திருந்து கியரைப் போடுங்கள். சத்தம் பாதியாகக் குறையும். நகர்வதற்கு முன் இடது குதிகாலால் சைடு ஸ்டாண்டைத் தடவிப் பாருங்கள். ஸ்டாண்டை எடுக்காமல் போகிறவரைப் பார்த்து எதிரில் வருகிற முன்பின் தெரியாதவர்கூட "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்துகிறாரே, அவ்வளவு பயங்கரமான விஷயம் அது. இடப்பக்கம் சாய்ந்து திரும்பும்போது ஸ்டாண்டு தரையில் ஊன்றிப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். சென்சார் இருக்கும் வண்டியானாலும் குதிகாலின் வேலையைக் குதிகால் செய்யட்டும்.

நிறுத்துவது சின்ன வேலை, ஆனால் மறதி அதிகம் நடப்பது இங்கேதான்.

அணைப்பதற்கு முன் ஒரு முறுக்கு முறுக்கி, அந்தச் சத்தத்தோடு சாவியைத் திருப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அடுத்த முறை சுலபமாக ஸ்டார்ட் ஆகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முறுக்கியதில் உள்ளே போன பெட்ரோல் எரியாமல் சிலிண்டரில் படிவதைத் தவிர வேறு ஒன்றும் நடப்பதில்லை. நீண்ட ஏற்றத்திலோ வேகமாகவோ ஓடி வந்திருந்தால் கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வாருங்கள். வந்து நின்றதும் சில நொடி சீராக ஓடவிட்டு அணையுங்கள். கூலன்ட் இருக்கும் வண்டியில் அணைத்த பிறகும் மின்விசிறி ஓடலாம், அது பழுதில்லை.

கில் சுவிட்ச்சால் அணைப்பதா, சாவியால் அணைப்பதா என்பது தீராத விவாதம். இன்ஜினுக்கு இரண்டும் ஒன்றுதான், கில் சுவிட்ச் போட்டால் கெட்டுவிடும் என்பதில் உண்மையில்லை. நான் கில் சுவிட்ச் கட்சி. தினமும் கட்டைவிரல் அதைத் தேடிப் பழகியிருந்தால், ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டாலும், வண்டி சாய்ந்து சக்கரம் சுழன்றுகொண்டிருந்தாலும், ஹேண்டிலிலிருந்து கையை எடுக்காமல் அணைத்துவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை. கில் சுவிட்ச் தட்டிய அடுத்த நொடியில் கை சாவிக்குப் போக வேண்டும். அதை மறந்தால் இன்ஜின் அணைந்திருக்கும், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், திரும்பி வரும்போது பேட்டரி காலி. இந்த இரண்டையும் சேர்த்துப் பழக முடியாது என்று தோன்றினால் சாவியாலேயே அணையுங்கள், தவறில்லை.

சாவியில் இன்னொரு பொறி இருக்கிறது. பல வண்டிகளில் ஹேண்டில் லாக்கைத் தாண்டி இன்னும் ஒரு திருப்பு திருப்பினால் பார்க்கிங் விளக்கு எரியும். சாவி வெளியே வந்துவிடும், ஹேண்டிலும் பூட்டியிருக்கும், பின்விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணில் படாது. மூன்று நாள் பயணம் போய்த் திரும்பியபோது எனக்கு இது நடந்தது. அன்றிலிருந்து வண்டியை விட்டு நான்கு அடி நடந்ததும் திரும்பிப் பின்விளக்கை ஒருமுறை பார்க்கிறேன்.

சரிவில் நிறுத்தும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கட்டும், முதல் கியரில் விட்டுவிடுங்கள். முகம் பள்ளத்தைப் பார்த்தால் வண்டி முன்னால் நகர்ந்து ஸ்டாண்டு மடங்கும். ஸ்டாண்டைக் குதிகாலால் கடைசிவரை தள்ளி, எடையை அதில் இறக்கிப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். மண்தரையானால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல். சைலன்சர் பக்கத்தைச் சுவரை நோக்கி வையுங்கள். குழந்தைகளின் கெண்டைக்காலுக்குச் சரியாக அந்த உயரத்தில்தான் அது இருக்கிறது, தழும்பு ஆயுசுக்கும் போகாது. சூடு ஆறும் வரை கவரும் போட வேண்டாம்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது ஒரு சின்ன ஊசி. அதன் நுனியில் தூசி உட்கார்ந்தால் பெட்ரோல் நிற்காமல் இறங்கும். தரையில் வழிந்தால் மணம் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜினுக்குள் இறங்கினால் தெரியவே தெரியாது. ஒருமுறை ஆயில் மூடியைத் திறந்தபோது பெட்ரோல் நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. அளவுக்கோலில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, தண்ணீர்போல் ஓடியது. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். டேப்பை மூட ஆகிற நேரம் ஒரு நொடி.

நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் இருந்தால் இரண்டு வேலைகளை அப்போதே முடிக்கலாம். வண்டியை நேராக நிமிர்த்தி ஆயில் அளவைப் பார்க்கலாம், இன்ஜின் ஓடி நின்று இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்ப்பதுதான் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியான முறை. செயின் சூடாக இருக்கும்போது அதற்கு எண்ணெய் விடலாம், உள்ளே நன்றாக இறங்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி விடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினில் துணி பிடிக்கிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் துணி போனால் விரலும் கூடவே போகும்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது வண்டிக்குச் செய்யும் உபகாரம் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள்ளும் இன்ஜினுக்குள்ளும் படிந்து, உள்ளிருந்தே அரிக்கும். செல்ஃப் எடுத்த மின்சாரத்தைக்கூட அந்தச் சின்ன ஓட்டம் பேட்டரிக்குத் திருப்பித் தருவது சந்தேகம். அரை மணி நேரம் சாலையில் ஓட்ட முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பெரியப்பாவின் முழங்கால் இப்போது கிக்கருக்கு ஒத்துழைப்பதில்லை. அவருடைய வண்டியை மாதம் இரண்டு முறை நான்தான் எடுத்துப்போய் வருகிறேன். கிளம்பும்போதும் திரும்பும்போதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கண் பார்வை மங்கிவிட்டது, காதால்தான் பார்க்கிறார். போன வாரம் வண்டியை நிறுத்தி, ஹேண்டிலைப் பூட்டி, பின்விளக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

"டேப்பின் சத்தம் கேட்கவில்லையே" என்றார்.

மூடியதாகத்தான் எனக்கு ஞாபகம். போய்க் குனிந்து பார்த்தேன். திறந்திருந்தது.